பழைய டாஸ் கேம்கள் ஏன் தலைதெறிக்க ஓடுகின்றன?

1983-இல் கனடாவின் விண்ட்மில் சாஃப்ட்வேர் வெளியிட்ட டிக்கர் என்ற கேமை, அதற்குப் பல வருடம் கழித்து வந்த ஒரு பென்டியம் கணினியில் போட்டால் விசையில் விரல் வைப்பதற்குள் ஆள் செத்திருப்பான். கேமில் பழுது இல்லை, கணினியிலும் பழுது இல்லை. இரண்டும் வேறு வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். விண்டோஸுக்கு முன் பிசிகளை இயக்கிய டாஸுக்காக எழுதிய பழைய கேம்களை ஓட்டும்போது வருகிற தொல்லைகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் வந்து முட்டும்: இந்தக் கேம் நேரத்தை எதைக் கொண்டு அளந்தது? அது தெரிந்துவிட்டால், இன்றைய கணினியில் பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலில் எந்த எண்ணை மாற்றுவது என்று இருட்டில் துழாவ வேண்டாம்.

முதலில் 4.77 என்ற எண்ணின் கதை. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியில் இன்டெல் 8088 சில்லு 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்தச் சில்லு 5 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். பிறகு ஏன் இந்த அரைகுறை எண்? மதர்போர்டில் இருந்த படிகம் 14.31818 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க டிவியின் வண்ணச் சமிக்ஞை 3.579545 மெகாஹெர்ட்ஸ், அதன் நான்கு மடங்குதான் இது. ஒரே படிகத்தை வைத்து எல்லா வேலையையும் முடித்துக்கொண்டார்கள். நான்கால் வகுத்தால் டிவிக்கு வேண்டிய வண்ணச் சமிக்ஞை. மூன்றால் வகுத்தால் சிபியு. பன்னிரண்டால் வகுத்தால் 1.193 மெகாஹெர்ட்ஸ், அது 8253 என்ற டைமர் சில்லுக்குப் போனது. டைமர் 65,536 வரை எண்ணி ஒரு துடிப்பு கொடுக்கும். கணக்குப் போட்டால் விநாடிக்கு 18.2 துடிப்பு. டாஸ் காலத்து நிரல்களில் எங்கு பார்த்தாலும் இந்த 18.2 தலைகாட்டுவது இதனால்தான்.

1983 வாக்கில் கேம் எழுதியவர்களுக்கு உலகத்தில் இருந்த பிசி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகம். அதனால் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் கொஞ்சம் பொறுக்க வேண்டுமென்றால், ஒன்றும் செய்யாத ஒரு சுற்றை ஓடவிட்டார்கள். 8088-இல் லூப் கட்டளை ஒரு தடவை சுற்ற சிபியு கடிகாரத்தின் 17 துடிப்பு எடுக்கும். 65,536 தடவை சுற்றினால் சுமார் 0.23 விநாடி. நல்ல இடைவெளி, ஆட்டத்துக்கு ஏற்ற தாளம். அதே சுற்று 66 மெகாஹெர்ட்ஸ் 486-இல், தடவைக்கு 7 துடிப்பு வீதம், சுமார் 7 மில்லிவிநாடியில் முடிந்துவிடும். முப்பத்து மூன்று மடங்கு வேகம். டிக்கரில் துரத்தி வரும் பூதம் முப்பத்து மூன்று மடங்கு வேகத்தில் வந்தால் யார் தப்பிப்பது?

இந்தச் சிக்கலுக்குக் கணினி விற்றவர்கள் கண்ட மருந்துதான் டர்போ பொத்தான். பெயரைப் பார்த்து வேகம் கூட்டுவதற்கு என்று நினைத்தவர்கள் அதிகம். உண்மையில் அழுத்திய நிலைதான் கணினியின் இயல்பான வேகம். பொத்தானை விடுவித்தால் ஐபிஎம்மின் பழைய எக்ஸ்டி கணினியின் வேகத்துக்கு அருகே இறங்கும். 486 பலகைகளில் கேஷ் நினைவகத்தை அணைத்தோ, காத்திருப்புத் துடிப்புகளைச் சேர்த்தோ வேகத்தைக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்தாலும் அது 4.77-க்கு இறங்கிவிடாது. 286 காலத்துக் கேமுக்கு அது போதும், 1983 கேமுக்குப் போதாது.

ஆனால் எல்லாரும் வெறும் சுற்றை நம்பவில்லை. பில் வில்லியம்ஸ் எழுதி ஐபிஎம் வெளியிட்ட ஆலி கேட் டைமர் சில்லைக் கேட்டு நடக்கிறது. அதனால் எந்தக் கணினியில் போட்டாலும் அந்தப் பூனை அதே நிதானத்தில்தான் வேலி ஏறும். ஒரே காலத்தில் வந்த இரண்டு கேம்களில் ஒன்று இன்றும் ஓடுகிறது, ஒன்று பறக்கிறது என்றால் வித்தியாசம் எழுதியவரின் இந்த ஒரு முடிவில்தான்.

ஆக, கையில் கிடைத்த கேம் எந்த வகை என்று பார்க்க ஒரு எளிய சோதனை போதும். டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் அளவை ஃபிக்ஸ்டு 1000 என்று வைத்து ஓட்டுங்கள், பிறகு 5000. இரண்டிலும் ஆட்டத்தின் வேகம் ஒன்றாக இருந்தால் அது டைமரைப் பார்க்கிறது, அல்லது திரை புதுப்பிக்கப்படும் கணத்துக்குக் காத்திருக்கிறது. கவலையில்லை. நிலையான அளவைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். டூம் இந்த வகை: விநாடிக்கு 35 துடிப்பு என்பது அதன் உள்கடிகாரம். கணினி மெதுவானால் காட்சிகள் குறையுமே தவிர ஆட்டத்தின் நேரம் தளராது. 5000-இல் வேகம் எகிறினால் அது சிபியுவை நம்பிய கேம், எண்ணைத் தேடியாக வேண்டும். மூன்றாவதாக ஒரு கலப்பு வகையும் உண்டு. பாட்டு சரியான தாளத்தில் போகும், பாத்திரங்கள் மட்டும் ஓடும். பாட்டை டைமரில் விட்டுவிட்டு நகர்வைச் சும்மா சுற்றவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டாஸ்பாக்ஸின் சைக்கிள்ஸ் என்பது ஒரு மில்லிவிநாடியில் எத்தனை கட்டளைகளை நிறைவேற்றுவது என்ற எண். சுமாராகச் சொன்னால் 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088-க்கு 300, 12 மெகாஹெர்ட்ஸ் 286-க்கு 1500, 33 மெகாஹெர்ட்ஸ் 386-க்கு 6000, 66 மெகாஹெர்ட்ஸ் 486-க்கு 25,000-ஐ ஒட்டி வரும். எதையும் தொடாமல் ஆட்டோ என்று விட்டால் ரியல் மோடில் (8088 காலத்துப் பழைய நிலை) ஓடும் கேமுக்கு 3000 கொடுக்கும், புரொடெக்டட் மோடுக்குப் (பெரிய நினைவகத்தை ஆளும் பிந்தைய நிலை) போகும் கேமுக்குக் கணினியால் முடிந்த மட்டும் கொடுக்கும். 3000 என்பது 1990-ஐ ஒட்டிய கேம்களுக்குத் தோதான நடுத்தர எண். 1983 கேமுக்கு அது பத்து மடங்கு. பலர் அந்த இடத்திலேயே கேம் கெட்டுவிட்டது என்று மூடிவிடுகிறார்கள்.

ஆட்டம் ஓடும்போதே கண்ட்ரோல் எஃப்12 அழுத்தினால் கூடும், கண்ட்ரோல் எஃப்11 குறைக்கும். இயல்பு அமைப்பில் கூடுவது 10 சதவீதம், குறைவது 20 சதவீதம். ஒரு தடவை கூட்டி ஒரு தடவை குறைத்தால் பழைய எண்ணுக்குத் திரும்ப மாட்டீர்கள். சாளரத்தின் தலைப்பில் தெரியும் எண்ணைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள், சரியான இடம் கிடைத்ததும் அதைக் குறித்து அந்தக் கேமுக்கென்று தனி அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள். எல்லாக் கேமுக்கும் ஒரே கோப்பு வைத்துக்கொள்வது பெரிய சோம்பேறித்தனம், பின்னால் அதைவிட அதிக வேலை வைக்கும்.

எண்ணைத் தேடும்போது தலைப்புத் திரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே ஒன்றும் நடப்பதில்லை. திரையில் எதிரிகள் நிறைய இருக்கும் இடத்துக்குப் போய், குறைந்த எண்ணில் ஆரம்பித்து, திக்கல் நிற்கும் வரை ஏற்றுங்கள். நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். 1990-இல் வந்த விங் கமாண்டர் இதற்கு நல்ல பாடம். அதில் காட்சி வேகத்துக்குக் கடிவாளமே இல்லை. பக்கத்தில் பெரிய கப்பல் இருந்தால் ஆமை, வெறும் விண்வெளியில் போனால் முயல். எந்த எண் கொடுத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். 3000-ஐ ஒட்டி வைத்து, நெருக்கடியான சண்டையில் கை சமாளிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலி இடத்தில் கொஞ்சம் வேகமாகப் போனால் போகட்டும்.

இன்னொரு நுணுக்கம். டாஸ்பாக்ஸுக்கு எல்லாக் கட்டளையும் ஒரே விலை. உண்மையான 8088-இல் இரண்டு பதிவேடுகளை (சிபியுவுக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) கூட்ட 3 துடிப்பு போதும், 16 பிட் பெருக்கலுக்கு 118 முதல் 133 வரை ஆகும். அதோடு அதன் தரவுப் பாதை 8 பிட்தான், நினைவகத்திலிருந்து ஒவ்வொரு பைட்டை எடுக்கவும் 4 துடிப்பு. ஆகவே 300 என்ற எண் ஒரு கேமுக்குக் கச்சிதமாகவும் இன்னொன்றுக்குக் கொஞ்சம் மெதுவாகவும் படும். அச்சு அசலாக வேண்டுமென்றால் 86பாக்ஸ் அல்லது மார்ட்டிபிசி பக்கம் போக வேண்டும். அவை இயந்திரத்தையே பின்பற்றுகின்றன. அமைப்பது கூடுதல் வேலை, ஆனால் 1981 முதல் 1985 வரையான கேம்களுக்கு அந்த வேலை வீண் இல்லை. டிக்கர் மட்டும் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றால் ஆண்ட்ரூ ஜென்னர் 1998-இல் வெளியிட்ட மறுவடிவம் இருக்கிறது. பழைய நிரலைப் பிரித்துப் பார்த்து சி மொழியில் திருப்பி எழுதியது, வேகத் தொல்லை இல்லாதது.

பூஜ்யமே இல்லாத பூஜ்ய வகுத்தல்

கேம் தொடங்கியதும் "ரன்டைம் எரர் 200" என்று ஒரு வரி காட்டி டாஸுக்கே திரும்பிவிடுகிறதா? அதுவும் வேகத்தால் வந்த நோய்தான், ஆனால் வேடம் வேறு. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்களில் சிஆர்டி என்ற தொகுப்பு இருக்கும். அது தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும்: ஒரு டைமர் துடிப்பில், அதாவது 55 மில்லிவிநாடியில், எத்தனை சுற்று ஓடியது என்று எண்ணி 55-ஆல் வகுக்கும். முறை நல்ல முறைதான். வெறும் சுற்றை நம்பியவர்களைவிட ஒரு படி மேல். ஆனால் விடை 16 பிட் இடத்தில் அடங்க வேண்டும், 65,535-ஐத் தாண்டக் கூடாது. சுமார் 200 மெகாஹெர்ட்ஸ் கணினிகள் வந்ததும் தாண்டியது. வகுத்தலின் விடை இடத்தில் கொள்ளவில்லை என்றாலும், பூஜ்யத்தால் வகுத்தாலும் இன்டெல் சில்லு எழுப்பும் குறுக்கீடு ஒன்றுதான். பாஸ்கல் அதைப் பூஜ்ய வகுத்தல் என்று மொழிபெயர்த்துச் சொல்கிறது. நிரலில் எங்கே பூஜ்யம் என்று தேடிப் பயனில்லை.

1994-இல் வந்த ஜாஸ் ஜாக்ராபிட் இதில் மாட்டிய பிரபலம். டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் எண்ணைக் குறைத்தால் முடிந்தது. தொடங்கும்போது மட்டும் குறைத்துவிட்டுப் பிறகு ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றினால் தொடக்கத்தில் அளந்த அளவு பொய்யாகிவிடும், சிஆர்டியின் இடைவெளிகளை நம்பிய இடங்கள் எல்லாம் குறுகும். ஒரே எண்ணில் நிற்பதே நல்லது. உண்மையான பென்டியம் கணினியில் ஓட்டுபவர்கள் டிபிபேட்ச் என்ற சிறு நிரலால் இஎக்ஸ்இ கோப்பைத் திருத்திக்கொள்ளலாம். திருத்துவதற்கு முன் நகல் எடுத்து வையுங்கள். கோப்பு சுருக்கப்பட்டிருந்தால் முதலில் அதை விரித்தாக வேண்டும்.

பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

ஒலியில் வரும் பிழைகளைக் காதால் கேட்டே பிரித்துவிடலாம். இதை ஏன் எல்லாரும் சொல்லித்தருவதில்லை என்பது புரியவில்லை.

1987-இல் வந்த ஆட்லிப் ஒலி அட்டையில் யமஹாவின் ஒய்எம்3812 சில்லு, ஒரே நேரத்தில் 9 குரல். 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டரிலும் பாட்டுக்கு அதே சில்லுதான், அதோடு பதிவு செய்த ஒலியை ஒலிக்கும் வசதியும் சேர்ந்தது. பாட்டுப் பகுதிக்கு 388 என்ற முகவரி (போர்ட்) மட்டும் போதும், குறுக்கீட்டு எண்ணும் (ஐஆர்க்யூ, அட்டை சிபியுவைத் தட்டிக் கூப்பிடும் வழி) வேண்டாம், டிஎம்ஏவும் (சிபியு வழியாகப் போகாமல் நினைவகத்திலிருந்து நேரே தரவை எடுக்கும் வழி) வேண்டாம். பதிவு ஒலிக்கு மூன்றும் வேண்டும்: போர்ட் 220, ஐஆர்க்யூ 5 அல்லது 7, டிஎம்ஏ 1.

ஆகவே பாட்டு வந்து துப்பாக்கிச் சத்தமும் பேச்சும் வரவில்லை என்றால் அட்டை இருக்கிறது, எண்கள்தான் பொருந்தவில்லை. ஒரு சத்தத்தின் தொடக்கம் மட்டும் ஒலித்து அதே துண்டு திரும்பத் திரும்ப வந்தாலோ, முதல் சத்தத்திலேயே கேம் உறைந்துபோனாலோ ஐஆர்க்யூ தவறு. ஒரு துண்டு ஒலித்து முடிந்தது என்று அட்டை தட்டிச் சொல்கிறது, கேம் வேறொரு கதவருகே காத்திருக்கிறது. அட்டையே இல்லை என்று கேம் சொன்னால் போர்ட் தவறு. டாஸ்பாக்ஸின் இயல்பு ஐஆர்க்யூ 7, ஆனால் பிந்தைய சவுண்ட் பிளாஸ்டர் 16 காலத்துக் கேம்கள் 5-ஐ எதிர்பார்க்கும். சில கேம்கள் பிளாஸ்டர் என்ற சூழல் மாறியை (டாஸில் எழுதிவைக்கும் அமைப்பு வரி) படித்துத் தாமே தெரிந்துகொள்ளும். மற்றவை அதைத் திரும்பியும் பார்க்காது, அவற்றின் செட்டப் நிரலை ஓட்டி நீங்களே எண்ணைக் கொடுக்க வேண்டும். உண்மையான கணினியில் 7 என்பது பிரிண்டர் போர்ட்டுக்கும் உரிய எண், மோதல் வந்தால் 5-க்கு மாறுங்கள்.

வேகம் இங்கேயும் வந்து நிற்கும். ஆட்லிப் சில்லு மெதுவானது. பதிவேட்டு எண்ணைச் சொன்னபின் 3.3 மைக்ரோவிநாடி, மதிப்பை எழுதியபின் 23 மைக்ரோவிநாடி அதற்குக் கொடுக்க வேண்டும். நிலைப் பதிவேட்டை முதலில் 6 முறை, பிறகு 35 முறை படி என்று ஆட்லிப் சொல்லிக்கொடுத்தது. போர்ட்டைப் படிப்பது விரிவாக்கப் பாதையின் வேகத்தில்தான் நடக்கும் என்பதால் சிபியு மாறினாலும் அந்த இடைவெளி பெரிதாகச் சுருங்காது. அப்படிச் செய்யாமல் வெறும் சுற்றில் காத்திருந்த கேம்கள் வேகமான கணினியில் சுரங்களைத் தின்றுவிடும், அல்லது ஒரு சுரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். அதைக் கேட்டால் அட்டையைக் கழற்றாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள்.

ஸ்பீக்கர் ஒலி மட்டும் உள்ள கேம்களில் பார்க்க ஒன்றுமில்லை. அதே 1,193,182 என்ற டைமர் எண்ணைச் சுரத்தின் அதிர்வெண்ணால் வகுத்து எழுதுவார்கள். 440 ஹெர்ட்ஸுக்கு 2712. ஒரே குரல், அதிலேயே ஆளுக்கொரு வித்தை காட்டினார்கள்.

640 கேபிக்குள் குடித்தனம்

டாஸ்பாக்ஸில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. 86பாக்ஸிலோ உண்மையான 486-இலோ எம்எஸ்-டாஸ் 6.22 போட்டு ஓட்டுபவர்களுக்கு இது அன்றாடம். கணினியில் 8 மெகாபைட் இருக்கும், கேம் வந்து "நினைவகம் போதவில்லை, 590 கேபி வேண்டும்" என்று சொல்லும். அது கேட்பது முதல் 640 கேபியை. டாஸ், மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், அதன் துணைவனான எம்எஸ்சிடிஇஎக்ஸ் எல்லாம் அதே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் வரிசை முக்கியம். முதலில் ஹைமெம்.சிஸ், அடுத்து ஈஎம்எம்386 நோஈஎம்எஸ் (இரண்டும் நினைவகத்தை நிர்வகிக்கும் டிரைவர்கள்), பிறகு டாஸ்=ஹை,யூஎம்பி. ஹைமெம் இல்லாமல் மற்றவை எழும்பாது. மூன்றாவது வரி டாஸின் பெரும்பகுதியை 1 மெகாபைட்டுக்கு மேலே உள்ள 64 கேபிக்கு ஏற்றிவிடும். அதன்பின், 640 கேபிக்கும் 1 மெகாபைட்டுக்கும் இடையிலான இடத்துக்கு ஏறிக்கொள்ளும்படி டிரைவர்களை டிவைஸ்ஹை என்றும், ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் உள்ளவற்றை லோட்ஹை என்றும் மாற்றுங்கள். பெரிய டிரைவரை முதலில் ஏற்றுங்கள், சிறியவை மீதி இடுக்குகளில் நுழைந்துகொள்ளும். மெம் கட்டளையை சி குறியோடு கொடுத்தால் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். கனமான மவுஸ் டிரைவரைத் தூக்கிவிட்டு கியூட்மவுஸ் என்ற சிறிய டிரைவரைப் போடுவது முதல் வேலையாக இருக்கட்டும். இப்படிச் செய்தால் 600 கேபிக்கு மேல் காலியாக வைக்க முடியும்.

நோஈஎம்எஸ் என்றால் இஎம்எஸ் நினைவகம் (கூடுதல் நினைவகத்தை ஒரு சிறு சாளரம் வழியாகக் காட்டும் முறை) கிடைக்காது. அதைக் கேட்கும் கேமுக்கு அந்த இடத்தில் ராம் என்று எழுத வேண்டும், விலையாக 640 கேபிக்கு மேலே உள்ள இடத்தில் 64 கேபி அந்தச் சாளரத்துக்குப் போய்விடும். விங் கமாண்டர் இஎம்எஸ் இல்லாமலும் ஓடும், ஆனால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து அசையும் விமானியின் கை இருந்தால்தான் தெரியும். அந்தக் கைக்காகவே ஒரு வரியை மாற்றலாம். 1992-இன் அல்டிமா 7 இதற்கு நேர் எதிர். அது நினைவகத்தைத் தானே நேரடியாக ஆள்கிறது. ஈஎம்எம்386 இருந்தால் சிபியு அதன் பிடியில் இருக்கும். ஒரே உறையில் இரண்டு கத்தி நுழையாது, கேம் ஓட மறுக்கும். அதற்கு ஹைமெம் மட்டும் வைத்துத் தனியே பூட் செய்ய வேண்டும். டாஸ் 6-இல் கான்ஃபிக்.சிஸிலேயே பட்டியல் அமைக்கலாம். "இஎம்எஸ் உண்டு", "இஎம்எஸ் இல்லை", "வெறும் டாஸ்" என்று மூன்று போட்டுவிட்டால் கிட்டத்தட்ட எல்லாக் கேமும் அடங்கும்.

இதில் ஒரு விசித்திரம். இடத்தை எல்லாம் சுத்தம் செய்து முடித்தபின் சில பழைய கேம்கள் "பேக்டு ஃபைல் இஸ் கரப்ட்" என்று சொல்லும். கோப்பு கெடவில்லை. எக்ஸெபேக் முறையில் சுருக்கிய நிரல், நினைவகத்தின் முதல் 64 கேபிக்குள் ஏற்றப்பட்டால் தன்னை விரித்துக்கொள்ளும்போது முகவரிக் கணக்கில் தடுமாறுகிறது. முன்பெல்லாம் டாஸே அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் டாஸை மேலே ஏற்றியதும் குழி வெளிப்பட்டது. கேமின் பெயருக்கு முன்னால் லோட்ஃபிக்ஸ் என்று சேர்த்துத் தட்டுங்கள். அது முதல் 64 கேபியை வேண்டுமென்றே அடைத்துவிட்டுக் கேமை மேலே ஏற்றும். டாஸ்பாக்ஸிலும் அதே பெயரில் அதே கட்டளை உண்டு. நினைவகம் அதிகமாகக் காலியாக இருப்பதால் வரும் பிழை என்று கேள்விப்படுவது அரிது.

படம், விசை, தட்டு

படத்தைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 320க்கு 200 புள்ளிகள் என்பது 4:3 திரையை நிரப்பியது. ஆகவே ஒரு புள்ளி அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். இன்றைய சதுரப் புள்ளித் திரையில் அப்படியே காட்டினால் எல்லாரும் குட்டையாகக் குண்டாகத் தெரிவார்கள். டாஸ்பாக்ஸில் ஆஸ்பெக்ட்=ட்ரூ போடுங்கள். 1600க்கு 1200 அளவில் காட்டினால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தில் 5, உயரத்தில் 6 என்று பிசிறில்லாமல் விரியும். 1080 வரித் திரையில் அப்படி முழு எண் கிடைக்காது, லேசான மங்கல் இருக்கத்தான் செய்யும்.

ஐபிஎம்மின் ஆரம்பகால வண்ண அட்டையான சிஜிஏவுக்கு எழுதிய கேம்களின் கறுப்பு, வெளிர்நீலம், மெஜந்தா, வெள்ளை கண்ணை உறுத்துகிறது என்பவர்கள் அந்தக் கேம் டிவி இணைப்புக்காக வரையப்பட்டதா என்று பாருங்கள். நெருக்கமான கோடுகளாகத் தெரியும் இடங்கள் டிவியின் காம்போசிட் இணைப்பில் ஒன்றோடொன்று கலந்து வேறு நிறமாகும், 16 நிறம் வரை. மெஷின்=சிஜிஏ என்று வைத்தால்தான் டாஸ்பாக்ஸ் அந்த வித்தையைக் காட்டும்.

பள்ளிக் கணினி ஆய்வகங்களில் நம்மில் பலருக்கு அறிமுகமான டேஞ்சரஸ் டேவ், ஜான் ரொமேரோ 1988-இல் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதியது. டாஸ் வடிவம் 1990. அம்பு விசைகளால் நகர்வு, கண்ட்ரோல் துப்பாக்கி, ஆல்ட் ஜெட்பேக். மேக் கணினியில் கண்ட்ரோலும் பக்கவாட்டு அம்பும் சேர்ந்தால் மேசைத்திரை மாறிவிடும், சுடப் போனவர் வேறு சாளரத்தில் நிற்பார். கண்ட்ரோல் எஃப்1 அழுத்தி மேப்பரை (விசைகளை மாற்றும் திரை) திறந்து சுடும் விசையை வேறு எழுத்துக்கு மாற்றி, சேவ் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். கண்ட்ரோல் எஃப்9 பக்கம் மட்டும் விரல் போக வேண்டாம், டாஸ்பாக்ஸையே மூடிவிடும்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் ஷிஃப்ட்தான் உயிர். விளிம்பைப் பிடித்துத் தொங்க, அடி அடியாக முன்னேற, எல்லாவற்றுக்கும் அதுவே. விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி முன்னால் வந்து நிற்கும், இளவரசன் முள்ளில் விழுந்திருப்பான். விளையாடும் முன் அதை அணைத்துவிடுங்கள். கண்ட்ரோல் ஜி சேமிப்பு மூன்றாம் கட்டத்திலிருந்துதான் வேலை செய்யும், அதுவும் கட்டத்தின் தொடக்கத்துக்குத்தான் கொண்டு போய் விடும். 60 நிமிடத்தில் மீதி எவ்வளவு என்பதும் சேர்ந்தே சேமிக்கப்படுவதால், ஒரு கட்டத்தில் தட்டுத்தடுமாறி நேரம் போயிருந்தால் சேமிப்பதைவிட அந்தக் கட்டத்தைத் திரும்ப ஆடுவது லாபம். முதல் கட்டம் முடிந்ததும் எழுத்து எழுதிய மருந்துக் குப்பிகள் வரிசையாக நிற்கும் அறை வந்தால் குழம்ப வேண்டாம், அது கள்ளப் பிரதியைத் தடுக்கும் வழி. கையேட்டில் குறிப்பிட்ட பக்கம், வரி, சொல்லின் முதல் எழுத்துள்ள குப்பியைக் குடிக்க வேண்டும்.

1982-இன் பாராட்ரூப்பர் போன்றவை டாஸே இல்லாமல் ஃபிளாப்பித் தட்டிலிருந்து நேரடியாக எழும்புபவை. கோப்புகளைப் பட்டியலிடும் டிஐஆர் கட்டளையைத் தட்டில் கொடுத்தால் ஒன்றும் தெரியாது, பழுது என்று தூக்கி எறியாதீர்கள். படிமக் கோப்பு (தட்டின் முழுப் பிரதி) இருந்தால் முதலில் அதன் அளவைப் பாருங்கள்: 1,63,840 பைட் என்றால் 160 கேபி தட்டு, 1,84,320 என்றால் 180 கேபி, 3,27,680 என்றால் 320 கேபி, 3,68,640 என்றால் 360 கேபி. இந்த எண்களில் ஒன்றாக இல்லையென்றால் முழுமையாகப் பிரதி எடுக்கவில்லை என்று சந்தேகப்படலாம். அளவு சரியென்றால் டாஸ்பாக்ஸில் பூட் கட்டளைக்குப் பின் படிமத்தின் பெயரைக் கொடுத்தால் போதும். அளவு சரியாக இருந்தும் எழும்பாமல் நின்றால் தட்டில் வேண்டுமென்றே வைத்த ஒழுங்கற்ற செக்டார்கள் காரணமாக இருக்கலாம். சாதாரணப் படிமத்தில் அவை பதியாது. கிரீஸ்வீசல் போன்ற கருவியால் காந்தத் துடிப்பையே பதிவு செய்ய வேண்டும்.

வீட்டில் ஐந்தேகால் அங்குலத் தட்டுகள் இருந்தால் டிரைவில் தள்ளும் முன் வெளிச்சத்தில் பிடித்து உறையிலுள்ள நீளத் திறப்பு வழியாகப் பாருங்கள். வெண்புள்ளியாகப் பூஞ்சை தெரிந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தட்டை மெல்லச் சுழற்றித் துடைத்து, காயவிட்டபின் போடுங்கள். பூஞ்சைத் தட்டு டிரைவின் தலையை அழுக்காக்கும், அந்தத் தலை அடுத்த நல்ல தட்டைக் கீறும். 1.2 மெகாபைட் டிரைவில் 360 கேபி தட்டைப் படிக்கலாம், எழுத மட்டும் கூடாது. அதன் தலை ஒடுக்கமானது, பழைய தடத்தின் நடுவில் மெல்லிய கோடு போலத்தான் எழுதும். 360 கேபி டிரைவின் அகலமான தலை ஓரங்களில் மிச்சமிருக்கும் பழையதையும் சேர்த்துப் படித்துக் குழம்பிவிடும். அதனால் டிரைவ் தவறியும் எழுதிவிடாதபடி, தட்டை உள்ளே விடுவதற்கு முன்பே உறையின் பக்கவாட்டு வெட்டின் மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டி மூடிவிடுங்கள், ஒளி ஊடுருவாத தாளாக இருக்கட்டும். ஒளியால் வெட்டை உணரும் டிரைவ்களை கண்ணாடி டேப் ஏமாற்றாது.